எடுக்காத பொட்டலம்

மூன்று.

மூன்று என்று சொன்னால் ஷீஜா ஆற்றோடு போய்விடுவாள்.

ஆனந்தலட்சுமி பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது முகங்கள் கொண்ட பச்சைப் பகடை, தம்பி உமேஷ் பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்தது. எந்த எண் விழுந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். எதிரே இருப்பவர்கள் பார்க்காதபடி 1996 காலண்டரின் அட்டையை மடக்கி நிறுத்தியிருந்தாள்.

கதை விளையாட்டு. உமேஷ் அதில் ஒரு கள்ளன். ஷீஜா ஒரு வில்லுக்காரி. அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று சொல்லி நடத்துகிறவள் ஆனந்தலட்சுமி.

இப்போது வில்லுக்காரி, வெள்ளம் போகும் ஆற்றின் மேல் ஒற்றைத் தென்னந்தடிப் பாலத்தில் நிற்கிறாள். பத்துக்கு மேல் விழுந்தால் அக்கரை. குறைந்தால் ஆறு.

“பதினாலு,” என்றாள் ஆனந்தலட்சுமி.

ஷீஜா சந்தோஷப்படவில்லை.

“இது கள்ளக்களியாக்கும், ஏமாத்துதிய. எக்கா, அந்த அட்டைய எடுங்க. எல்லாரும் காண உருட்டுங்க.”

“நடத்துறவங்க மறைச்சு உருட்டலாம்னு புஸ்தகத்திலயே உண்டு,” என்றான் உமேஷ். “உயிரு கெடச்சா வாங்கிட்டுப் போவியா, வழக்கு பேசுறா!”

“எனக்குத் தானம் வேண்டாம். செத்தா சாவட்டு. கொன்னது பகடையா, எக்காவான்னு எனக்குத் தெரியண்டாமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஷீஜா, பாறசாலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் செல்லசாமியின் மகள். வேறு சாதி. உமேஷ் அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அம்மா கத்தவில்லை, அழவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாள். அம்மன் சொன்னால் கேட்கிறேன் என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியார்வட்டம். இன்னொன்றில் சிவப்புத் தெச்சி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து, நூல் சுற்றி, சந்நிதியில் வைக்க வேண்டும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நடத்தலாம். சிவப்பு வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் குளத்தில் விட்டுவிட வேண்டும்.

ஆனந்தலட்சுமிக்கும் ஒருமுறை இப்படிப் பூக்கட்டிப் பார்த்தார்கள். காட்டாக்கடையில் ரேடியோ பழுதுபார்க்கும் ராஜதாஸுக்காக.

சிவப்பு வந்தது.

கோபப்பட ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள். அம்மன் மேல் எப்படிக் கோபப்படுவது? பொட்டலத்தை எடுத்ததும் தன்னுடைய கைதான். அதற்குப் பிறகு எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் போயின வருஷங்கள்.

இந்த அட்டைக்குப் பின்னால் மட்டும்தான், யாரையும் போகவிடாமல் வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது.

காப்பி கொண்டுவந்த அம்மா பகவதியம்மாள் அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பகடையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு, “மக்கா, அடுக்களைக்கு ஒண்ணு வா,” என்றாள்.

அடுக்களையில் எண்ணெய் காய்ந்திருந்தது. அம்மா ஏத்தன்பழத் துண்டுகளை மாவில் முக்கி ஒவ்வொன்றாகப் போட்டாள்.

“வெள்ளிக்கிழமைக்குப் பூவ நீ கெட்டித் தா. எனக்க வெரலு இப்பம் மடங்க மாட்டேங்கு.”

“சரிம்மா.”

அம்மா நூல்கண்டை எடுத்து நீட்டினாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ரெண்டுலயும் தெச்சியே வச்சிரு. ஒனக்கு வச்சது போல. வேற ஆருட்டயும் இதப் பறைய முடியுமா? நீ உருட்டுனத இப்பம் கண்டேன். ஆருக்கு எது நல்லதுன்னு ஒனக்கும் தெரியும்.”

உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். மகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தாள் போல.

எண்ணெய் சலசலத்துக்கொண்டிருந்தது.

ஆனந்தலட்சுமி காத்திருந்தாள். இப்போது கோபப்பட ஓர் ஆள் இருக்கிறது. ஒரு முழம் தள்ளி, நைந்த முந்தானையில் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. கோபம் வரும் என்று பார்த்தாள்.

வரவில்லை.

வந்ததெல்லாம், அன்று நூல் சுற்றும்போது அம்மாவின் கை கொஞ்சமும் நடுங்கவில்லையே என்கிற ஞாபகம்தான். இன்னொரு பொட்டலத்தைக் குளத்தில் விட்டுவிட்டு வந்து, ஈரக்கையால் இவள் தலையைத் தடவியது.

“எக்கா, வாங்க!” முன்னறையிலிருந்து ஷீஜா கூப்பிட்டாள். “அக்கரையில நின்னு மழையில நனையுதேன், கேட்டியளா!”

உமேஷ் என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“பிடி மக்கா,” என்றாள் அம்மா. நூல்கண்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது.

ஆனந்தலட்சுமி அதை வாங்கவில்லை. கரண்டியை எடுத்து, ஒருபக்கம் சிவந்துவிட்ட பழங்களைத் திருப்பிப் போட்டாள்.

“நான் கெட்டமாட்டேம்மா.”