மௌஸ் வேண்டாம்

1987. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் காலையிலிருந்து நின்று நின்று விற்பனையாளர் எட்மண்டுக்குக் கால் கடுத்தது. வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட் பிரிஜட் அன்றும் வந்து, அதே இரண்டு கம்ப்யூட்டர்களை மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், இதுல மௌஸ் இருக்கு. படத்தைப் பார்த்து அமுக்குனா போதும். அந்தக் கறுப்புத் திரையில எல்லாக் கமாண்டையும் மனப்பாடமா டைப் பண்ணணும். ரொம்பக் கஷ்டம் லா.”

“மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

“இனிமே எல்லாரும் மௌஸுக்குத்தான் மாறுவாங்க.”

“மாறட்டும். எனக்குக் கறுப்புத் திரைதான் வேணும்.”

எட்மண்டுக்கு அலுத்துப்போனது. “சின்ன அம்பு, மேடம். அதை நகர்த்திப் படத்து மேல வைக்கிறதுல என்ன கஷ்டம்?”

“அந்த அம்பு எனக்கு இப்பவே தெரியல, எட்மண்ட்” என்றார் பிரிஜட். “சீக்கிரமே மொத்தப் பார்வையும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். திரையில உள்ள எழுத்தைச் சத்தமா வாசிக்கிற கருவி, இந்தக் கறுப்புத் திரைக்குத்தான் கிடைக்குதாம். என் சம்பளத்துலதான் வீடே ஓடுது.”

எட்மண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கண்ணை மூடிக்கிட்டு டைப் பண்ணுங்க மேடம். கருவி வர்ற வரைக்கும் நான் வாசிக்கிறேன்.”