பழுதான சாமான்

"யாரு செஞ்ச வேலை இது?"

முதலாளி போட்ட சத்தத்தில் கார் கழுவும் கொட்டகையே கப்சிப் என்றானது. அவர் கையில் பாலிஷ் மெஷினின் ஒயர் பாதியோடு தொங்கியது. தானாக அறுந்ததல்ல. கத்தி வைத்து நறுக்கியது.

அவருக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? மகளுக்கென்று ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். "இதுக்கு நானே என் கையால பாலிஷ் போட்டுக் கொடுக்குறேன் பாரு" என்று வீட்டில் மார் தட்டிவிட்டு வந்திருந்தார். காரைக் கழுவியாயிற்று. மெஷினை எடுத்து பிளக்கைப் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவதற்குள் இப்படி.

அதுவும் சாமான் விஷயத்தில் மனிதர் மகா கறார். தரையில் விழுந்த துணியா, குப்பைக்குப் போ. முடி உதிர்ந்த பிரஷ்ஷா, குப்பைக்குப் போ. ஓரம் கிழிந்த பஞ்சுக்கும் அதே கதிதான்.

"ஒரு மணல் ஒட்டியிருந்தா போதும், பெயிண்ட்ல கோடு விழுந்துடும். பழுதான சாமான் என் கடையில ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது" என்பார். அதனால்தான் அவரிடம் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"நுரை! நீ பாத்தியா?"

ஷாம்பு போடுகிறவருக்கு அங்கே அதுதான் பெயர். "நான் டயருக்கு அந்தப் பக்கம் இருந்தேன் முதலாளி" என்று அவர் நைசாக நழுவினார்.

"நான்தாங்க அறுத்தேன்."

பாலிஷ் போடும் அம்மாதான். பதினோரு வருஷமாக இங்கே வேலை. அடங்காத மெஷினும் அந்த அம்மா கையில் பூனைக்குட்டி. பிடுங்கிய பிளக் ஒரு கையில், கத்தி மறு கையில். ஒளித்து வைக்கக்கூட இல்லை!

முதலாளிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. போன வாரம் அந்த அம்மா லீவு கேட்டு, அவர் முடியாதென்று சொல்லியிருந்தார்.

"லீவு குடுக்காத கோபத்தை மெஷின் மேல காட்டுறியா? பதினோரு வருஷம் சோறு போட்ட இடம்னு ஒரு நினைப்பு வேணாம்? நாளையிலேருந்து வராதே!"

அந்த அம்மா வீட்டில் உலை கொதிப்பதே இந்த வேலையால்தான். அது அவருக்கும் தெரியும். கோபத்தில் வார்த்தை வந்துவிட்டது.

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"சரிங்க, வரல. ஆனா லீவுக்காக அறுக்கல. அது ஷாக் அடிக்குது."

"எப்போலேருந்து?"

"எட்டு மாசமா. ஒயர்ல தோல் உரிஞ்சிருக்குன்னு மூணு தடவை சொன்னேன். 'அதனால கார்ல கோடு விழுதா? இல்லல்ல? டேப்பைச் சுத்தி ஓட்டு'ன்னீங்க."

சொன்னது முதலாளிக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்கி வர முடியுமா?

"எட்டு மாசம் ஓட்டினியே, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எங்களுக்கு அதோட குணம் தெரியுங்க. ரப்பர் செருப்பு போட்டுக்குவோம். தரை காயாம தொட மாட்டோம். நீங்க வந்ததும் வராததுமா 'பிளக்கைப் போடு'ன்னுட்டீங்க. நாலாவது தடவை சொன்னா மட்டும் காதுல ஏறியிருக்குமா?"

கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, அந்த அம்மா முதலாளியின் காலைக் காட்டினார்.

"புது ஷூ நனையக்கூடாதுன்னு கழட்டிப் போட்டுட்டு, வெறுங்காலோட தண்ணியில வந்து நிக்கிறீங்களே!"