காப்பிக்கொட்டை வீடு

நூறு வருடத்துக்கு முந்தைய பிரேசில் நாவலொன்றைத் தொலைக்காட்சிக் குறுந்தொடராக எடுக்க வந்த இயக்குநர் ஒட்டாவியோ, கதையில் வரும் வீட்டைக் கட்டவே இல்லை. பழைய நடன மண்டபத்தின் தரையில் காப்பிக்கொட்டைகளைக் கோடாக இறைத்து, இது சுவர், இது வாசல் என்றார். வசனம் எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.

ஏழாம் நாள் தயாரிப்பாளர் எவால்டோ படப்பிடிப்பை நிறுத்த வந்தார். "வீடு எங்கேய்யா?" என்று கத்தியபடி விறுவிறுவென்று நடந்தவர் வாசல் கோட்டருகே நின்றுவிட்டார். அடுத்தவர் வீட்டு வாசலில் எங்கள் பிரேசில்காரர்கள் மணியடிப்பதற்குப் பதிலாகச் செய்கிற மாதிரி இரண்டு முறை கைதட்டினார்.

உள்ளே விதவையாக நடித்துக்கொண்டிருந்த ஜண்டீரா, தலையைத் திருப்பாமல், "திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள்.

எவால்டோ தொப்பியைக் கழற்றினார். பிறகு, அங்கே இல்லாத கால்மிதியில் ஷூவைத் துடைக்க ஆரம்பித்தார்.