பதினோராம் நாள் சவரம்

கதவு பிளந்து விழுந்தபோது கத்தி என் கழுத்தில் இருந்தது.

திரும்பிப் பார்க்க நேரமில்லை. அண்ணன் என் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இருபது வருடம் லாரி ஸ்டீயரிங் பிடித்த கை. ஒரே முறுக்கு. உள்ளே காய்ந்த விறகு ஒடிவதுபோல் ஒரு சத்தம். அது என் எலும்பு என்று வலி வந்த பிறகுதான் தெரிந்தது.

கத்தி விழவில்லை. அதன் அலகை அவன் வெறுங்கையால் பிடித்திருந்தான்.

பிடித்து இழுத்தான். உள்ளங்கை குறுக்காகப் பிளந்தது. கத்தியைச் சுவரில் வீசினான். என் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில் என் வாய் வாஷ்பேசின் விளிம்பில் மோதியது. முன்பற்கள் இரண்டு உள்ளே நாக்கில் விழுந்தன.

பிறகு என்னைத் தரையில் சாய்த்து, நெஞ்சின் மேல் உட்கார்ந்து அறைந்தான். ரத்தம் வழியும் அதே கையால், மாறி மாறி. சோப்பு நுரையும் ரத்தமும் கலந்து என் கண்ணில் எரிந்தன.

"என்னடா பண்ணப் பாத்த? பாவி, என்னடா பண்ணப் பாத்த?"

"சவரம்ண்ணே," என்றேன். பல்லில்லாத வாயிலிருந்து அது வேறு ஏதோ சொல்லாக வந்தது. "சவரம்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

பிரஷ்ஷைப் பார்த்தான். நுரைக் கிண்ணத்தைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய, கத்தி தீட்டும் தோல்வாரைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்லக் கோணிக்கொண்டு வந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று முறை கதவைத் தட்டியிருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை. தாடைக்கு அடியில் கத்தி இருக்கும்போது பேசினால் வழுக்கிவிடும் என்று பிறகு காரணம் சொன்னேன்.

நான்கு மாதங்களுக்கு முன்பு, நான் ஓட்டிய கிரேனிலிருந்து இரும்புக் கட்டு ஒன்று அறுந்து விழுந்தது. கீழே வெல்டர் இருந்தான். பத்து வருடம் என்னோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவன். நான் ஏணி வழியாக இறங்கி வந்தபோது அவனுடைய முகக்கவசம் மட்டும்தான் நசுங்காமல் இருந்தது.

கம்பிக்கயிறு பழசு, ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அந்தக் காகிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். நான் தாடி வளர்த்துக்கொண்டு மூலையில் கிடந்தேன்.

அதனால்தான் நான் ஒருநாள் எழுந்துபோய்ப் பழைய சாமான் கடையில் மடக்கும் சவரக்கத்தி ஒன்றை வாங்கி வந்து, "இனிமே இதுலதான்" என்று சொன்னபோது அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணனுக்கு மட்டும் முகம் சரியில்லை.

முதல் நாள் காது மடலை அறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மோவாய். மூன்றாம் நாள் மேலுதடு. கத்தி தோலில் படுக்கவும் கூடாது, நிமிரவும் கூடாது. இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அழுத்தவே கூடாது. கழுத்தில் முடி திசைமாறி வளரும், அங்கே ரொம்ப நிதானம் வேண்டும். முகமெல்லாம் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு சாப்பிட வந்தால், "கோழியக்கூட இத்தனை இடத்துல வெட்ட மாட்டாங்க" என்று அண்ணி சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இன்று பதினோராம் நாள்.

அண்ணி ஓடி வந்து இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு உள்ளங்கையில் ஒன்பது தையல். தையல் போடப் போட அவன் தன் முட்டாள்தனத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சும்மா சவரம் பண்ணிக்கொண்டிருந்த தம்பியின் கையை ஒடித்த கதை. டாக்டர் சிரித்தார். கட்டுப் போடுகிறவர் சிரித்தார். சொல்லி முடிக்கும் இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் அண்ணன் மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிழிந்த உதட்டோடு நானும் சிரித்தேன்.

என் முகத்தில் நுரை காய்ந்து ஓடாகியிருந்தது. வெட்டு எங்கெங்கே என்று பார்க்க நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்தாள். நடுத்தர வயது, அவசரமில்லாத கை. முதலில் வலது கன்னம். பிறகு இடது கன்னம். பிறகு தாடைக்கு அடியில்.

பஞ்சு நின்றது.

விரலின் பின்பக்கத்தால் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மறுபடி கன்னத்தை.

"நுரைக்கு அடியில முடியே இல்லையே சார்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எதைச் சவரம் பண்ணிட்டு இருந்தீங்க?"

காலை ஆறு மணிக்கே, வீடு விழிக்கும் முன்பே, முழுச் சவரமும் முடித்திருந்தேன். ஒரு கீறல்கூட இல்லாமல். கை நன்றாகப் படிந்துவிட்டது. ஒன்பது மணிக்குப் போட்டது இரண்டாவது நுரை.

புதுசாகப் பழகுகிறவன், பாவம், கை வழுக்கிவிட்டது. நான் போன பிறகு அண்ணனும் அண்ணியும் காலமெல்லாம் சொல்லி ஆறிக்கொள்ள அந்த வாக்கியத்தைப் பதினோரு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் யாரோ புதியவரிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான்.

நர்ஸ் பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணனைக் கூப்பிடுங்க," என்றேன்.