எக்ஸ்சேஞ்ச் சரியான நாள்

நம்ப மாட்டீர்கள். 1976-இல் எங்கள் கப்பல் கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு நாள் பழுதில்லாமல் ஓடியது!

உப்புக்காற்றில் பாதி போன்கள் எப்போதும் ஊமை. ஆனால் பழுதென்றால் அலற வேண்டிய அலாரம் ஒரு வருடமாக வாயே திறக்கவில்லை. அந்தச் சாதனைக்காக சூப்பர்வைசர் பர்னபாஸுக்குப் பதவி உயர்வு தர மேனேஜரே வந்துவிட்டார். ஊமை போன்களை அவர் பார்ப்பதற்குள் சரிசெய்ய, டெக்னீஷியனான நான் ஸ்டோருக்கு ஓடி, எக்ஸ்சேஞ்சுக்கு மின்சாரம் தரும் புதுப் பவர் கார்டு வாங்கினேன்.

"இதப் போட்டா மட்டும் எல்லாம் சரியாயிருமாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார் ஸ்டோர் கிளார்க் வன்னியபெருமாள்.

கார்டைச் செருகினேன். அலாரம் ஊரையே கூட்டியது.

"ஏலே, எங்கனலே பழுது?" பர்னபாஸ் பதறினார்.

"பழுதே இல்ல சார். போன வருசம் அலாரம் கார்டுல சுவிட்ச தலகீழா வச்சிட்டேன் போல. எல்லாம் சரியா இருந்தாத்தான் அடிக்கும்."

மேனேஜர் பதவி உயர்வு உத்தரவை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்தார்.

வன்னியபெருமாள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "நிறுத்தும்வே! எல்லாம் சரியாயிட்டு, ஒத்துக்கிடுதேன்!"