நஷ்டம் எழுதிய மதியம்

"போர்டுல நஷ்டம்னு எழுதினா, எங்க ஆளுங்க சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஒரு தங்கமலையே கொண்டுவந்து கொட்டுவாங்க ஜோசியா" என்கிறார், பாலாநகர் வால்வு தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற ஜெயகரன். "நக்கோ, வேணாம் அத்தான், புளுகாதீங்க" என்கிறார் கேண்டீனுக்குக் கூட வந்த மைத்துனர் ஜோசியா. கேண்டீன் போர்டில் முதலாளி ஷெர்லி வரவையும் செலவையும் ஒளிக்காமல் எழுதுகிறாள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். சாம்பார் ஆறுகிறது, யாரும் தட்டில் கை வைக்கவில்லை. லேத் ஓட்டும் சுமதி எழுந்து, "கடையும்போது விழுற பித்தளைச் சீவலைக் குப்பைல கொட்டுறோமே மேடம், அதுவும் காசுதானே" என்கிறாள். வாளிகள் வருகின்றன. மெஷினுக்கு அடியில் கிடந்ததும் மூலையில் ஒதுங்கியதும் போர்டுக்குக் கீழே குவிய, ஜன்னல் வெயில் பட்டுக் கூரைவரை மஞ்சளாகிறது. முப்பது வருஷம் சோறு போட்ட இடத்துக்குத் தன் பங்காக ஜெயகரன் வேலைக்குப் போட்டுவந்த பழைய ஷூவைக் கழற்றி உதறுகிறார். இரண்டு பித்தளைச் சுருள்கள் விழுகின்றன. ஜோசியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொல்கிறார்: "ஹவ் அத்தான், நிஜம்தான். கொட்டிட்டாங்க."