‘கண்காணிப்பே’ அணியின் தலைவர்

“பேரு, ஊரு, வந்த நேரம், கையெழுத்து. கூடவே ரேஷன் கார்டோ வோட்டர் ஐடியோ ஒரு ஜெராக்ஸ் வெச்சிடுங்கண்ணா.”

சனாவுல்லா நீட்டிய நீள நோட்டைப் பஞ்சாட்சரம் தொடவேயில்லை.

“எதுக்கு பாய்?”

“புதுச் சட்டம்ண்ணா. பிரவுசிங் சென்டருக்கு யார் வந்தாங்க, இன்னா பார்த்தாங்க, எல்லாத்தையும் பதிவு பண்ணி வெக்கணுமாம். முன்ன மாதிரி வந்தமா, குந்தினமா, போனமான்னு இருக்க முடியாது.”

“ஒரு திருடனைப் பிடிக்க, ஊர்ல கீற அத்தினி பேர் வூட்லயும் பூந்து பார்ப்பீங்களா?”

மேடைக்கென்று எடுத்து வைத்திருந்த வசனம். வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் உத்திரமேரூர் நூலகத்தில் பட்டிமன்றம். ‘புதிய இணையச் சட்டம்: காவலா? கண்காணிப்பா?’ இதில் ‘கண்காணிப்பே’ அணிக்குப் பஞ்சாட்சரம் தலைவர். பெருநகரில் நாலு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். ஆனால் மண்வெட்டியைவிட மைக்கை அதிகம் பிடித்த கை. மாமியாரா மருமகளா, சினிமாவா சீரியலா, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேசுவார். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவார். அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. அடுத்தவர் மின்னஞ்சலை அரசாங்கம் படிக்கக் கூடாது என்று முக்கால் மணி நேரம் பேச மட்டும் தயாராக இருந்தார். சட்டத்தை ஒரு பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்து ஆட்டினால் எடுப்பாக இருக்குமே என்றுதான் இப்போது வந்தது.

“தனி மனுசனோட அந்தரங்கம் கருவறை மாதிரி பாய். கண்டவனும் எட்டிப் பார்க்கக் கூடாது!”

பக்கத்து சீட்டில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த கனகா டீச்சர் திரும்பினார். “சார், நாளைக்குப் பேச கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க.”

பஞ்சாட்சரம் பெருமையாகச் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கி முந்தைய பக்கங்களைப் புரட்டினார். ஊரில் யார் யார் இங்கே வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் என்ன தப்பு? அட, உரக்கடை தானியேல் தினமும் வருகிறானே, எதற்கு?

விரல் ஓரிடத்தில் நின்றது.

இளவரசி, பெருநகர். திங்கள், 5.10. புதன், 5.10. வெள்ளி, 5.10.

சந்தேகமேயில்லை, மகளின் கையெழுத்துதான். ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை டைப்ரைட்டிங் கிளாஸ் என்றல்லவா வீட்டில் சொல்லியிருந்தாள்!

“பாய், இது எம்பொண்ணு.”

“ஆமாண்ணா. தங்கமான பொண்ணு.”

“இங்க வந்து இன்னா பண்ணுது?”

“நெட்டு பாக்குது.”

“நெட்டுல இன்னா பாக்குது?”

சனாவுல்லா ஒரு துணியை எடுத்து மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“எல்லாம் பதிவாவுதுன்னு இப்பதான சொன்ன? அத்தக் காட்டு.”

“அது போலீசு வந்து கேட்டா காட்டறதுக்குண்ணா.”

“பெத்தவன் போலீசுக்கும் மேல பாய்! பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான இதெல்லாம் போட்டிருக்கான்? நல்ல சட்டம் பாய் அது! இன்னும் கடுமையா போட்டிருக்கணும்!”

“சார்,” என்றார் கனகா டீச்சர், “நாளைக்கு நீங்க எந்த அணி?”

பஞ்சாட்சரத்துக்குக் காது சுட்டது. சற்று முன் கருவறை என்று முழங்கிய அதே வாய்தான் இது என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டார்.

“எவனுக்காவது லெட்டர் கிட்டர் போடுதா, சொல்லு. சொல்லலன்னா நாளையிலேர்ந்து கிளாசும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வூட்டோட கெடக்கட்டும்.”

“இருவது நாள்ல அதுக்கு டைப் பரிச்சைண்ணா.”

“பரிச்சை எழுதி கலெக்டராவப் போவுதா? காட்டு பாய்.”

சனாவுல்லா துணியைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, டீச்சருக்குக் கேட்காமல் பேசினார்.

“போன மாசம், இந்த நோட்டெல்லாம் வர்றதுக்கு முந்தி, மூணு நாளு நீங்க வந்து அந்தக் கடைசி சிஸ்டத்துல குந்திக்கினு இருந்தீங்க. ஞாபகம் கீதாண்ணா?”

பஞ்சாட்சரத்தின் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. அந்த மூன்று நாளும் அவர் தேடியது ஒன்றே ஒன்றுதான். சொட்டைத் தலையில் முடி முளைக்க மருந்து. வீட்டில் ‘பால் சங்கத்துக் கூட்டம்’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“அதுக்கு மறுநாளு உங்க பொண்ணு இங்க வந்து நின்னுச்சு. ‘எங்கப்பா கூட்டம்னு பொய் சொல்லிட்டு இங்க வர்றாரே, இன்னா பாக்கறாரு? உடம்புக்கு எதுனாவா?’ன்னுச்சு. கண்ணுல தண்ணி. ‘ஒருத்தர் பார்த்தத இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதில்லம்மா, உங்கப்பாவையே கேளு’ன்னு அனுப்பிட்டேன். கேட்டுச்சாண்ணா?”

பஞ்சாட்சரம் நோட்டை மூடி சனாவுல்லா பக்கம் தள்ளினார்.

“கேக்கல பாய். கிளாசுக்குப் போவட்டும், வுடு.”

பிரிண்ட் எடுக்க வந்ததையே மறந்து கதவு வரைக்கும் போனவர், அங்கேயே நின்றார்.

“‘உடம்பு நல்லாத்தானப்பா கீது?’ன்னு மட்டும் ஒரு மாசமா தெனம் கேக்குது.”